முதலும் ஊதியமும்

கெலாங் பாத்தாவிலிருந்து சிங்கப்பூர் உட்லண்ட்ஸுக்கு வேலைக்குச் செல்வோர்க்கு வழி இரண்டு: 1924இல் திறந்த ஜொகூர்ப் பாலம், 1998இல் திறந்த இரண்டாம் பாலம். எதில் நெரிசல் மிகும் என்பது புறப்படும்போது உறுதியில்லை. நேரக்கூடிய ஒவ்வொன்றையும் அதன் நிகழ்தகவால் பெருக்கிச் சராசரி காண்பது கணிப்பொறி முடிவெடுக்கும் முறைகளுள் ஒன்று.

'தெரிந்து செயல்வகை'யின் முதற்குறள் அழிவு, ஆக்கம், பின்வரும் ஊதியம் மூன்றையும் எண்ணச் சொல்கிறது. ஏறக்குறைய அதே கணக்குத்தான். மூன்றாங்குறளோ ஊதியத்தை நம்பிக் கைம்முதலை இழக்கலாகாது என்கிறது. கூறியது கூறலாகத் தோன்றும், அன்று. முன்னது எடைபோடச் சொல்கிறது. பின்னது தராசிலேயே வைக்கக்கூடாததை விலக்குகிறது. இன்னொரு நாள் பிந்தினால் வேலை போய்விடும் என்றிருப்பவர்க்கு அவ்வேலையே முதல். சராசரிக் கணக்கில் அந்த ஒரு நாள் கரைந்துவிடும். அவ்வரம்பை முன்னரே எழுதி வைத்தால், சற்று நீண்டாலும் காலத்தில் சேர்க்கும் பாதையையே பொறி காட்டும்.