சிறு குழுப் பாடலும் சொற்றெளிவும்: பாக் ஒலிப்பதிவுகளும் தமிழ் ஞானப்பாட்டுகளும்

கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழருள் கிறிஸ்தவர் சிலரே. ஆகவே அவர்தம் வழிபாட்டுப் பாடல் சிறு குழுவின் பாடலாக அமைந்தது இயல்பே. ரப்பர் செம்பனைக்கு இடம்விட, தோட்ட மக்கள் நகரங்களுக்குப் பெயர, அக்குழுக்கள் மேலும் சுருங்கின. ஆள் குறைவைப் பாட்டின் குறையாகக் கருதலாமா என்பதே நாம் இங்கு எழுப்பும் வினா.

இவ்வினாவுக்கு ஐரோப்பியப் பரோக் இசையுலகில் ஓர் இணை உண்டு. பாக்கின் திருச்சபை இசையைப் பெருங்குழுவே பாடவேண்டும் என்னும் வழக்கை 1981இல் ஜோஷுவா ரிஃப்கின் மறுத்தார். எஞ்சியுள்ள பாடற்படிகளைச் சான்றாகக் காட்டி, ஒரு குரற்பகுதிக்கு ஒருவரே பாடினர் என்றார். 1982இல் பி மைனர் மாஸ் என்னும் படைப்பை அம்முறையிலேயே பதிவு செய்தார். குரற்பகுதிக்கு மூவரோ நால்வரோ வேண்டும் என 1730இல் பாக் எழுதிய விண்ணப்பத்தை எதிர்ப்போர் சுட்டுவர். வாதம் இன்னும் முடியவில்லை. எக்காளமும் முரசும் முழங்கும் இடங்களில் ரிஃப்கின் பதிவு மெலிந்தே ஒலிக்கிறது. எனினும் ஒரு குரலைத் தொடர்ந்து மற்றொன்று புகும் இடங்களில் சொல் எதுவும் மறைவதில்லை. 2003இல் வெளிவந்த பால் மெக்ரீஷின் மத்தேயு பாடுகள் பதிவில், தனித்துப் புலம்பிய குரலே சபைப் பாடலிலும் கலக்கிறது. தனிமனிதத் துயர் சபையின் துயராகும் இம்மாற்றம் பெருங்குழுவில் எளிதில் புலப்படுவதன்று.

அப்படைப்பில் பாக் பலமுறை கையாண்ட சபைப் பாடலின் மெட்டு ஹாஸ்லர் 1601இல் வெளியிட்டது. பாடல் கெர்ஹார்ட் 1656இல் இயற்றியது. இது தமிழாக்கம் பெற்று நம் திருச்சபைப் பாடல் நூல்களிலும் இடம்பெற்றுள்ளது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கும், பின்வந்த பப்ரிசியுசும் ஜெர்மானியப் பாடல்களைத் தமிழாக்கினர். அம்மரபைத் தமிழ் லுத்தரன் சபையார் மலாயாவிற்கும் கொணர்ந்தனர்.

இங்கே யாப்புச் சிக்கல் ஒன்று எழுகிறது. ஜெர்மன் செய்யுள் அழுத்தத்தால் நடப்பது; தமிழோ மாத்திரையால் நடப்பது. மெட்டின் சுரங்களோ பெரும்பாலும் ஒத்த அளவின. ஆதலின் குறில் நீண்டு ஒலிக்க நேர்கிறது. ‘படு’ என்பது ‘பாடு’ ஆகவும், ‘கல்’ என்பது ‘கால்’ ஆகவும் திரிந்தால் பொருளே மாறிவிடும். பல குரல்களும் ஆர்கனும் கலந்த ஓசையில் இத்திரிபைத் தடுத்தல் அரிது. ஒருவர் குரலை ஒருவர் கேட்டுப் பாடும் சிறு குழுவோ குறிலைக் குறுக்கி, எஞ்சிய காலத்தை மெய்யிலோ மௌனத்திலோ நிறுத்த வல்லது.

எனவே தோட்டப்புறச் சிறு குழுப் பாடலை நலிந்த வடிவம் எனத் தள்ளாது, தமிழ்ச் சொல்லுக்கு ஏற்ற வடிவமாக மதிப்பிடுதல் தகும். ஞானப்பாட்டுகளை இம்முறையில் பாடுவித்து, குறில் நெடில் பிறழாது பதிவு செய்யும் பணியில் தமிழாசிரியரும் இசைவல்லாரும் இணைதல் வேண்டும். அறிந்து பாடும் முதியோர் நம்மிடையே உள்ளபோதே அது நிகழவேண்டும்.