மேஸ்திரியும் மாஸ்டரும்

அவிநாசியில் வீடு கட்டுமிடத்தில் ஆள் பேசி வேலைக்கு நிறுத்துபவர் மேஸ்திரி. அவ்வூர்ப் பின்னலாடைக் கூடங்களில் துணியை அளந்து வெட்டுபவர் கட்டிங் மாஸ்டர். தேநீர்க் கடையில் அடுப்பருகே நிற்பவரும் மாஸ்டரே. இவ்விரு சொற்களும் ஓர் இலத்தீன் சொல்லின் வழிவந்தவை என்பது அறிஞர் அறிந்ததே. மூலம் ஒன்றாதலின் பொருளும் ஒன்றெனக் கொண்டு, இரண்டிற்கும் 'தலைவர்' என்றோ 'கண்காணி' என்றோ ஒரே சொல்லை வகுத்தளிப்பார் உளர். அது பொருந்தாது என்பதே நம் கருத்து.

மூலச்சொல் மகிஸ்தெர். 'மிகுதியாக' எனப் பொருள்படும் மகிஸ் என்பதனடியாகப் பிறந்து, மேற்பட்டவன், மேற்பார்ப்பவன், ஆசிரியன் என விரிந்தது. இதற்கு எதிராக, 'குறைவாக' எனப் பொருள்படும் மினுஸ் என்பதனடியாகப் பிறந்த மினிஸ்தெர் ஏவலாளனைச் சுட்டிற்று. ஏவலாளன் பெயர் இன்று அமைச்சர்க்கு உரியதாயிற்று. மேற்பட்டவன் பெயரோ சாரத்தின்மேல் நிற்கிறது!

ஐரோப்பிய மொழிகள் இப்பொருள்களைப் பங்கிட்டுக்கொண்டன. இத்தாலியத்தில் மாயெஸ்த்ரோ இசைப் பேராசானுக்குச் சிறப்புப் பெயர். பிரெஞ்சில் மேத்ர் வழக்கறிஞர் பெயர்க்கு முன்னடை. செருமானியத்தில் மைஸ்டர் தேர்வு பெற்ற கைவினைஞர். டச்சு மொழியில் ஆசிரியரைக் குறித்த மேஸ்டெர் சாவகத்திலும் தங்கிற்று. பதினேழாம் நூற்றாண்டில் பத்தாவியாவில் வாழ்ந்த கொர்நேலிஸ் செனென் என்னும் ஆசிரியரால் ஊர்ப்பெயராகி, இன்றும் சகார்த்தாவில் மேஸ்தெர்ச் சந்தை என வழங்குகிறது. சப்பானியத்திலோ காப்பிக்கடை உரிமையாளர் மாஸ்டர் ஆகிறார். நம் தேநீர்க்கடை வழக்கிற்கு இஃது எத்துணை அணித்து!

தமிழில் இச்சொல் இருமுறை புகுந்தமைக்கு ஒலியே சான்று. 1498க்குப்பின் வந்த போர்த்துக்கீசியரின் மெஸ்த்ரெ மேஸ்திரி ஆயிற்று. அவர்தம் பாத்ரெ பாதிரி ஆனதும் இவ்வாறே. ஈற்றில் வரும் 'ரி'யும் பல்லொலியாகிய தகரமும் நோக்குக. ஆங்கிலத்தின் வழி வந்த மாஸ்டரில் டகரம் நிற்கிறது; டாக்டர், ஸ்டேஷன் போல்வனவும் அன்ன. மாஜிஸ்திரேட்டு என்பதில் ஆங்கில வழி வந்தும் தகரம் நிற்றலின், தகரம் ஒன்றையே கொண்டு வழியைத் துணிதல் கூடாது. ஈறும் பொருளும் உடன் நோக்கற்பாலன. மேஸ்திரியை 'மேல்' என்னும் அடியிலிருந்து பெற எவரேனும் முனைவராயின், அவ்வடி இல்லாத இந்தியும் வங்காளமும் மிஸ்திரி என வழங்குவதற்கு அவர் விடை கூறல் வேண்டும்.

அவ்வட மொழிகளில் மிஸ்திரி என்பான் பெரும்பாலும் கைத்தொழிலாளனே: தச்சன், கொத்தன், பொறி பழுது பார்ப்பவன். பார்சியரிடையே அது குடிப்பெயருமாயிற்று. தென்னாட்டில் பொருள் வேறு திசையிற் சென்றது. கரணை பிடிக்கும் கொத்தனாரையும் மதிப்புக் கருதி 'ஏனுங்க மேஸ்திரி' என்று கொங்கு நாட்டார் விளிப்பர். எனினும், ஆள் திரட்டிக் கூலி பிரித்துக் கொடுப்பவர்க்கே அது பதவிப் பெயர். நூற்பாலைகளில் ஆள் சேர்த்து மேய்த்தவனைப் பம்பாயில் ஜாபர் என்றனர். கல்கத்தாச் சணல் ஆலைகளில் சர்தார் என்றனர். சென்னை மாகாணத்தில் மேஸ்திரி என்றனர். பருமாவிற்கு ஆள் கொண்டுசென்றவனும் மேஸ்திரியே.

ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் இப்பெயர் அச்சத்தோடு ஒலித்தது. அங்கு மருத்துவராய் இருந்த பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'ரெட் டீ' என்னும் புதினத்தில், பசித்த சிற்றூராரை முன்பணம் கொடுத்து மலைக்கு அழைத்துச் செல்பவன் மேஸ்திரி. இரா. முருகவேள் அதனை 'எரியும் பனிக்காடு' எனத் தமிழாக்கினார். அக்கதையின் மேஸ்திரி நிற்குமிடத்தில் 'தலைவர்' என்னும் சொல்லை வைத்துப் படிப்பார்க்கு, முன்பணமும் தீராக் கடனும் ஒருங்கே மறைந்துவிடும். இலங்கையிலும் மலேயாவிலும் அதே தொழிலைச் செய்தவன் கங்காணி. அது கண்காணி என்னும் நல்ல தமிழ்ச்சொல்லின் திரிபே. தமிழாயிருந்ததனால் கூலியாட்களின் சுமை எள்ளளவும் குறைந்திலது. ஆகவே மேஸ்திரிக்குக் கண்காணி என எழுதுவார் பிறமொழிச்சொல்லை நீக்கியதாகக் கருதலாம். உண்மையில் ஆனைமலையின் கதையைக் கண்டிச்சீமையின் கதையாக்குகின்றனர்.

மாஸ்டர்க்கு இச்சுமை இல்லை. பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் முதல் பரோட்டா மாஸ்டர் வரை அச்சொல் கைத்திறத்தையும் கற்பித்தலையும் பற்றியே நிற்கிறது. ஆளை ஆளும் பொருள் முன்னர் வந்த வடிவின்பால் தங்கிவிட, திறம் பற்றிய பொருள் பின்னர் வந்ததன்பாற் சென்றது. இப்பிரிவினை இலத்தீனில் இல்லை. போர்த்துக்கீசியத்திலும் இல்லை, அங்கு ஆசானும் தொழில் வல்லானும் ஒரு சொல்லிலேயே அடங்குவர். தமிழர் பணியிடத்தே செய்துகொண்ட பிரிவினை இது. தொல்காப்பியர் வகுத்த நால்வகைச் சொற்களுள் திசைச்சொல்லின்பாற் படுத்திவிட்டு இதனை விடுத்தல் எளிது. சாரத்தடியிலும் வெட்டுமேசை அருகிலும் நின்று கேட்டு எழுதும் வட்டார அகராதி ஒன்றே இதன் முழுப்பொருளைத் தரவல்லது. அவிநாசி வட்டாரத்துத் தொழிற்சொற்களை ஆய்வுப் பொருளாகக் கொள்ளும் மாணவர், இவ்விரண்டையும் தனித்தனிச் சொற்களாகவே பதிவு செய்வாராக.