எதோடு ஒப்பிட்டார்கள்?

முடக்குவாதத்துக்கான (ருமாட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) பயலாஜிக் ஊசிகளைப் பற்றி யார் பேசினாலும் ஒரு வரைபடம் காட்டுவார்கள். ஊசி போட்டவர்களின் கம்பம் உயரமாக நிற்கும், போடாதவர்களுடையது குட்டையாக இருக்கும். அந்தக் குட்டைக் கம்பத்துக்காரர்கள் என்ன மருந்து சாப்பிட்டாங்கன்னு கேட்டுப் பாருங்க. நான் எப்போதும் முதலில் தேடுவது அதைத்தான்.

1999-ல் லான்செட் இதழில் வந்த அட்ராக்ட் ஆய்வை எடுத்துக்குவோம். 428 பேர், எல்லாருமே மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிட்டும் நோய் அடங்காதவர்கள். நான்கு குழுக்களுக்கு அதோடு இன்ஃப்ளிக்ஸிமாப் ஏற்றினார்கள். ஐந்தாவது குழுவுக்கு அதே பழைய மெத்தோட்ரெக்ஸேட், கூடவே மருந்தில்லாத வெறும் திரவம். 30 வாரம் கழித்து 20 சதவீத முன்னேற்றத்தைத் தொட்டவர்கள் மருந்துக் குழுக்களில் பாதிக்குக் குறையவில்லை, வெறும் திரவக் குழுவில் 20 சதவீதம்தான். மருந்து வேலை செய்கிறது, சந்தேகமே இல்லை. ஆனா, எந்த மருந்தில் நோய் அடங்கலையோ அதிலேயே ஒரு கூட்டத்தை நிறுத்திவைத்து ஓடவிட்ட பந்தயம் இது. (20 சதவீத முன்னேற்றம் என்பதும் பெரிய உயரமில்லை. வீங்கிய பத்து மூட்டில் எட்டு வீங்கியபடியே இருந்தாலும், மற்ற அளவுகள் ஒத்துவந்தால் தேறிவிடலாம்.)

நோயாளி கேட்பது வேறு கேள்வி. மெத்தோட்ரெக்ஸேட் போதலை, அடுத்து விலை குறைந்த பழைய மாத்திரைகளைச் சேர்க்கலாமா, ஊசிக்குப் போகணுமா? என் சித்திக்கு ஊசி எழுதிக் கொடுத்தபோது, வளையலை அடகு வைக்கிற பேச்சு வரை வீட்டில் போனது. அப்போதுதான் இதைத் தேடி உட்கார்ந்தேன்.

இதற்கு நேராகப் பதில் தேடியவர் அமெரிக்காவின் நெப்ராஸ்காவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஓடெல். மெத்தோட்ரெக்ஸேட், சல்ஃபாசலசின், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மூன்றையும் சேர்த்துக் கொடுக்கும் முறையை 102 பேரிடம் சோதித்து 1996-ல் வெளியிட்டார். இரண்டு ஆண்டு நீடித்த 50 சதவீத முன்னேற்றம் மூன்று மருந்துக் குழுவில் 77 சதவீதம் பேருக்கு, மெத்தோட்ரெக்ஸேட் மட்டும் சாப்பிட்டவர்களில் 33 சதவீதம் பேருக்கு. சின்ன ஆய்வுதான். 2013-ல் அவருடைய குழு 353 பேரை வைத்து இதே மூன்று மாத்திரைகளை எடனர்செப்ட்-மெத்தோட்ரெக்ஸேட் ஜோடியோடு மோதவிட்டது. 24 வாரத்தில் குணம் தெரியாதவர்கள் மறுபக்கம் மாற்றப்பட்டார்கள். இரண்டு பக்கத்திலும் அது 27 சதவீதம். 48 வாரத்தில் நோய்த் தீவிர மதிப்பெண் மாத்திரைப் பக்கம் 2.1 குறைந்தது, ஊசிப் பக்கம் 2.3. 'இதைவிட மோசமில்லை' என்பதற்கு முன்கூட்டியே வகுத்த எல்லைக்குள்தான் இந்த வித்தியாசம். பணம் பெரும்பாலும் அரசுத் துறைகளிடமிருந்து வந்தது. காப்புரிமை காலாவதியான மாத்திரைக்கு வேற யார் செலவு பண்ணுவாங்க?

குறையும் உண்டு. முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் பல இருந்ததால் ஏறக்குறைய பாதிப் பேர் ஆண்கள்; இந்த நோயோ பெண்களையே அதிகம் தாக்குவது.

ஸ்வீடனின் ஸ்வெஃபாட் ஆய்வையும் ஒதுக்கிவிட முடியாது. நோய் தொடங்கி ஓராண்டுக்குள் வந்த 258 பேர். ஓராண்டு முடிவில் நல்ல பலன் இன்ஃப்ளிக்ஸிமாப் குழுவில் 39 சதவீதம், மூன்று மாத்திரைக் குழுவில் 25. இரண்டாம் ஆண்டில் 38, 31. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் எக்ஸ்ரேயில் மூட்டு அரிப்பு மாத்திரைக் குழுவில் சராசரியாக 7.23 புள்ளி கூடியது, ஊசிக் குழுவில் 4.00. மொத்த அளவுகோல் 448 புள்ளி என்பதால் சராசரி ஆளுக்கு இது சின்ன வித்தியாசம்தான். ஆனா சராசரிக்குள்ளே, விரல் மூட்டு வேகமாக அரிக்கிற சிலர் ஒளிஞ்சிருப்பாங்க. எக்ஸ்ரேயில் அப்படித் தெரிகிறவருக்கு ஊசியைத் தள்ளிப்போடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். மற்றவர்களுக்கு மூன்று மாத்திரையை ஆறு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டுப் பார்ப்பதை 2013 ஆய்வு தாங்குகிறது, அதுவும் உறங்கும் காசநோயை டி.என்.எஃப். தடுப்பு ஊசி எழுப்பிவிடக்கூடிய நம்ம ஊரில்.