செங்குத்து அச்சுச் சிறு காற்றாலையின் இரைச்சல்: அளவீடு பிடிப்பதும் தவறவிடுவதும்

காற்றாலையின் இரைச்சலை அளப்பதற்கு முதல் தடை காற்றேதான். ஆலை சுழலக் காற்று வீச வேண்டும். வீசும் காற்றோ ஒலிவாங்கியில் மோதித் தானே இரைகிறது. ஐஇசி 61400-11 என்ற சர்வதேசத் தரநிலை இதற்குக் கண்ட வழி நுட்பமானது. ஒலிவாங்கியைத் தூக்கி நிறுத்தாமல், தரையில் பதித்த கெட்டியான பலகையின் மேல் கிடத்துகிறார்கள். தரையை ஒட்டிக் காற்றின் வேகம் குறைவு. பலகையில் பட்டுத் திரும்பும் ஒலி நேரடி ஒலியோடு சேர்வதால் அளவு 6 டெசிபல் கூடும்; எவ்வளவு கூடும் என்பது முன்பே தெரிவதால் கழித்துவிடலாம். புல்லும் மணலுமாக மாறும் தரையின் குறுக்கீடும் இதனால் பெரிதும் விலகுகிறது. இரு வேறு ஊர்களில் அளந்ததை ஒப்பிட முடிவது இந்த முறையின் பெரும் பலம்.

ஆலை ஓடும்போதும் நின்றிருக்கும்போதும் அளந்து, பின்னணி இரைச்சலைக் கழிக்க வேண்டும். மொத்தம் 45 டெசிபல், பின்னணி 42 என்றால் ஆலையின் பங்கும் ஏறத்தாழ 42தான். இடைவெளி 3 டெசிபலுக்கும் கீழே இறங்கினால் கணக்கு நம்பத்தக்கதல்ல. சிறு ஆலைகளில் இது அடிக்கடி நேரக்கூடியது. அப்போது அளவீடு தோற்றது என்றுதான் சொல்ல வேண்டும். ஆலை சத்தமற்றது என்று சொல்வது தவறு.

செங்குத்து அச்சு ஆலைகள் அமைதியானவை என்ற பேச்சுக்கு அடிப்படை உண்டு. அவற்றின் இறக்கைகள் பொதுவாகக் காற்றின் வேகத்தைப் போல் இரண்டு முதல் நான்கு மடங்கு வேகத்தில் ஓடுகின்றன. கிடை அச்சு ஆலையின் இறக்கை முனை ஆறேழு மடங்கில் ஓடும். இறக்கை எழுப்பும் ஒலி வேகத்தின் ஏறத்தாழ ஐந்தாம் அடுக்கில் ஏறுவதால் இது சிறிய வேறுபாடு அல்ல.

ஆனால் கோளாறும் இதே விதிக்குள்தான் இருக்கிறது. காற்றைப் போல் மும்மடங்கு வேகத்தில் ஓடும் இறக்கை, ஒரு சுற்றில் காற்றை எதிர்த்து வரும்போது நான்கு மடங்கு வேகக் காற்றையும், காற்றோடு போகும்போது இரண்டு மடங்கையும் சந்திக்கிறது. ஐந்தாம் அடுக்கில் இது 32 மடங்கு, அதாவது 15 டெசிபல் வேறுபாடு. மற்ற இறக்கைகளின் ஒலி கலப்பதால் காதில் விழும் ஏற்றத்தாழ்வு இதைவிடக் குறையும். எனினும் சுற்றின் பின்பாதியில் இறக்கை தன் முன்னோடிகள் கலக்கிய காற்றுக்குள் புகுவதும், சாய்கோணம் மிகும்போது காற்றோட்டம் இறக்கையைவிட்டுப் பிரிவதும் இந்த ஏற்றத்தாழ்வின் துடிப்பைக் கூர்மையாக்குகின்றன. மூன்று இறக்கைகள் நிமிடத்துக்கு 120 முறை சுழன்றால் நொடிக்கு ஆறு துடிப்புகள். பத்து நொடிச் சராசரியில் அறுபது துடிப்புகள் ஒரே எண்ணாகக் கரைகின்றன. தூக்கத்தைக் கெடுப்பதில் துடிப்புக்குப் பெரும் பங்கு உண்டு; சராசரி அதைக் காட்டாது. ஒரு பக்கம் இறக்கை எதிர்த்து வருகிறது, மறுபக்கம் ஒதுங்கிப் போகிறது என்பதால், காற்று போகும் திசையில் ஒரே ஒலிவாங்கியை வைப்பதும் இங்கே போதாது. நாற்புறமும் அளப்பதே நியாயம்.

காதின் உணர்திறனுக்கு ஏற்ப அளவைத் திருத்தும் ‘ஏ’ எடையிடலும் கவனிக்கத்தக்கது. அது 50 ஹெர்ட்ஸ் ஒலியில் சுமார் 30 டெசிபலைக் குறைத்துவிடுகிறது. மின்னாக்கியின் முனகல், கம்பத்தின் ஒத்ததிர்வு போன்றவை இந்தத் தாழ்ந்த பகுதியில் விழக்கூடும். அதிர்வெண் வாரியான அளவையும் தனித்தொனிச் சோதனையையும் தரநிலை கேட்கிறது. விளம்பரத்தாளில் அச்சாவது பெரும்பாலும் ஒற்றை எண்.

அந்த எண் எந்தத் தொலைவுக்கு உரியது என்பதும் முக்கியம். அமெரிக்கக் காற்றாற்றல் சங்கத்தின் 2009ஆம் ஆண்டுச் சிறு காற்றாலைத் தரநிலை 60 மீட்டரை எடுத்துக்கொண்டது. திறந்த வெளியில் அதுவே 10 மீட்டருக்கு வந்தால் 15 டெசிபலுக்கு மேல் ஏறும். செங்குத்து அச்சு ஆலைகளோ கூரைக்கு ஏற்றவை என்றே விற்கப்படுகின்றன. அங்கே அதிர்வு கம்பத்தின் வழியே சுவருக்குள் இறங்கி, கீழ் அறையில் ஒலியாக வெளிப்படும். தரையில் கிடக்கும் பலகை இதைக் கேட்காது. கம்பத்தின் அடியில் அதிர்வுமானியும், அறைக்குள் ஓர் ஒலிவாங்கியும் வைத்து, மின்சுமை துண்டிக்கப்பட்டு ஆலை கட்டின்றி விரையும் நிலையிலும் சேர்த்து அளந்தால்தான் கூரை ஆலையின் இரைச்சல் கணக்கு முழுமை பெறும்.