வேடந்தாங்கல்: பாதி மட்டும் சொல்லப்படும் கதை

வேடந்தாங்கல் பற்றி எந்தக் கட்டுரையை எடுத்தாலும் ஒரே கதைதான்: பறவைகளைப் பெற்ற பிள்ளைபோலக் காக்கும் கிராமம். படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இந்தப் பாசக் கதை முக்கியமான ஒன்றை மறைத்துவிடுகிறது என்பது என் எண்ணம்.

வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரிப் பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டார்கள். 1798-இல் அவர்களுக்கு ஒரு 'கவுல்', அதாவது உரிமைப் பத்திரம், கிடைத்தது. ஏன் போய் முறையிட்டார்கள்? பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். பாசம் இருந்திருக்கலாம், விளைச்சல் கணக்கும் இருந்தது. அந்தக் கணக்குக்கு அரசு எழுத்தில் ஒரு பிடிமானம் கொடுத்தது. பாதுகாப்பு நிலைத்தது இந்த இரண்டும் சேர்ந்ததால்தான்.

இன்னொரு விஷயம். ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர்தான். பறவைகள் அங்கே கூடு கட்டுகின்றன. இரை தேடுவது சுற்றியுள்ள ஏரிகளிலும் நெல்வயல்களிலும். நத்தைகுத்தி நாரைக்கு வயல் நத்தை இல்லைன்னா ஏரி மட்டும் இருந்து என்ன பிரயோஜனம்? அதனால்தான் 1998-இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலயம் என்று அறிவித்ததில் அர்த்தம் இருக்கிறது.

2020-இல் அதை 3 கிலோமீட்டராகக் குறைக்க ஒரு முன்மொழிவு வந்தது. ரெண்டு கிலோமீட்டர்தானேன்னு தோணும். வட்டமாகக் கணக்குப் போட்டுப் பாருங்க: சுமார் 78 சதுர கிலோமீட்டர் 28 ஆகிவிடும். பலத்த எதிர்ப்பு கிளம்பியது, நியாயம்தான். ஆனால் எதிர்த்த நாமும் பறவைகளைப் பற்றியும் தொழிற்சாலைகளைப் பற்றியும் பேசிய அளவுக்கு, அந்த வட்டத்துக்குள் நெல் விதைப்பவரைப் பற்றிப் பேசவில்லை.

இன்று யூரியா மூட்டை கடையில் கிடைக்கிறது. எச்சத் தண்ணீரை நம்பவேண்டிய கட்டாயம் குறைந்துவிட்டது. நாளைக்கு நெல் கட்டுப்படியாகாமல் அவர் நிலத்தை பிளாட் போட விற்றால், வரைபடத்தில் 5 கிலோமீட்டர் அப்படியே இருக்கும். நாரைக்கு நத்தை இருக்காது. வேலி போடுவது, பலகை வைப்பது எல்லாம் சரி. ஆனால் வயல் வயலாகவே இருப்பதால் விவசாயிக்கு என்ன லாபம் என்ற கேள்விக்கு 1798-இல் ஒரு பதில் இருந்தது. இப்போ நம்மகிட்ட இருக்கா?