கீழ் இமையைத் தொடும் கை

கீழ் இமையை மெல்ல இழுத்து, உட்புறம் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பது ஒரு நொடி வேலை. பிள்ளைக்கு வலிக்காது. வெளுத்திருந்தால் இரத்தசோகையோ என்ற சந்தேகம் அங்கேயே தட்டும். பள்ளிச் செவிலியரிடம் எனக்கு மிகவும் பிடித்த கைவேலை இது.

நிக்கோபாரின் கட்சால் போன்ற தீவில் செவிலியரின் கண்ணுக்கு இன்னும் கூர்மை வேண்டும். யானைக்கால் நோயின் நுண்புழு நம் ஊர்களில் இரவில்தான் இரத்தத்தில் திரியும். சோதிக்க ராத்திரியில் வீடு வீடாகப் போகவேண்டும். கட்சால் அடங்கிய நன்கவுரித் தீவுக்கூட்டத்தில் அது பகலிலும் உலவும். பரப்புவது பகலில் கடிக்கும் காட்டுக்கொசு. பள்ளிக்கூட வேளையில் விரல்நுனியில் எடுக்கும் துளியே அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

1964 ஒப்பந்தத்தின் பின் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்கள் ரப்பர் தோட்ட வேலைக்கென வந்து நிக்கோபாரியருக்கு அயலாரான மண் இது. தீவின் மொத்த மக்கள்தொகை 2001 கணக்கெடுப்பில் 5,000க்கு மேல்; சுனாமிக்குப் பிந்தைய 2011 கணக்கெடுப்பில் 3,000க்கும் குறைவு. இங்கே ஒரு பிள்ளையின் எடை ஒரு கிலோ கூடினாலும் எனக்கு அது பெரிய செய்தி.

அந்த எடைக்காகத்தான் குடற்புழு நீக்க நாளும். அன்றைய அல்பெண்டசோல் மாத்திரை 400 மில்லிகிராம். சும்மா கையில் கொடுத்து அனுப்பக்கூடாது. முழுசாக விழுங்கினால் தொண்டையில் சிக்கலாம். கண்முன்னே மென்று முடிக்கும்வரை சிஸ்டர் நகரமாட்டார்.

“நல்லா மென்னியா கண்ணு? எங்க, நாக்கை நீட்டு பார்ப்போம்.”