அழிக்கப்பட்ட இரண்டெழுத்து

ஆன்சல் ஆடம்ஸ் 1944இல் எடுத்த 'குளிர்கால விடியல்' புகைப்படத்தைக் கொண்டாடாத ஆளில்லை. கலிபோர்னியாவின் லோன் பைன் ஊரிலிருந்து தெரியும் சியரா நெவாடா மலை, பனிமேல் வெயில், முன்னால் கறுத்த குன்றுகள், அடியில் மேயும் ஒரு குதிரை. அழகுதான், யார் இல்லேன்னது?

ஆனால் அந்தக் குன்றின்மேல் உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் வெள்ளையடித்த கற்களை அடுக்கி, 'எல்.பி.' என்று ஊர்ப்பெயரின் முதலெழுத்துக்களைப் போட்டிருந்தார்கள். நெகட்டிவிலேயே அதை அழித்துவிட்டார் ஆடம்ஸ். மறைக்கவுமில்லை; மலைக்கு அது வடு என்று பின்னாளில் அவரே எழுதினார்.

எனக்கு இங்கேதான் இடிக்கிறது. அந்தப் பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளான பையூட் மக்களை 1863இல் ராணுவம் விரட்டியது. 1944இல், லோன் பைனுக்குச் சில மைல் தள்ளி மான்சனார் முகாமில் ஜப்பானிய வம்சாவளியினர் ஆயிரக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தார்கள். அவர்களையும் ஆடம்ஸ் படமெடுத்தார், அதே ஆண்டில் நூலாகவும் போட்டார். அந்த நேர்மையை மறுக்க வேண்டியதில்லை. ஆனாலும் சுவரில் மாட்டப்படுவது ஆளில்லாத மலைதான்.

சேரியை வெளியே நிறுத்திவிட்டுக் 'கிராமத்து அழகு' வரைகிற நம்மூர்ச் சித்திரங்களின் கணக்கும் இதுவே. மனுசன் கைபட்டால் மலை கெட்டுப்போகும் என்கிற அழகியலை, தீட்டு என்றால் என்னவென்று அறிந்த நாம் எப்படி நம்புவது?